ஷெல்டன் ஏன் அந்த ஒரே இடத்துலதான் உட்காரணும்?

தி பிக் பேங் தியரின்ற அமெரிக்க காமெடி சீரியலோட முதல் எபிசோடுலயே அந்த சீன் வந்துடும். எதிர் வீட்டுக்குப் புதுசா குடி வந்த பென்னி சோஃபால உட்கார்றா, அடுத்த நொடி ஷெல்டன் அது என் இடம்னு எழுப்பி விடறான். இவ்ளோ பெரிய சோஃபா காலியா கிடக்கு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தா என்னன்னு பென்னிக்குப் புரியல. அவன் பொறுமையா விளக்கறான். குளிர் காலத்துல அந்த இடம் ஹீட்டருக்குப் பக்கம், கதகதப்பா இருக்கும் ஆனா வேர்க்கற அளவுக்குக் கிட்ட இல்ல. வெயில் காலத்துல இந்த ஜன்னலையும் அந்த ஜன்னலையும் தொறந்து வெச்சா காத்து நேரா அங்கதான் வந்து அடிக்கும். டிவிக்கு நேர் எதிர்லயும் இல்ல, அப்படி இருந்தா பேச்சுக் கொடுக்க முடியாமப் போயிடும், ரொம்ப சாய்வாவும் இல்ல, அப்படி இருந்தா படம் கோணலா தெரியும். ஆடியன்ஸ் விழுந்து விழுந்து சிரிக்குது.

முதல் தடவை பார்த்தப்போ நானும் சிரிச்சேன். ரெண்டாவது தடவை ஒரு ஃப்ரெண்டோட சேர்ந்து பார்த்தேன், அவருக்கு முப்பது வயசு தாண்டினப்புறம்தான் ஆட்டிசம்னு தெரிய வந்துச்சு. அவர் சிரிக்கவே இல்ல. "கரெக்ட்டாதானே சொல்றான், இதுல என்ன காமெடி"ன்னு கேட்டுட்டு இன்னொண்ணும் சொன்னாரு: பேச்சு நடக்கற மாதிரி ஒரு இடத்தைத் தேடிப் பிடிச்சு வெச்சிருக்கான் பாருங்க, மனுஷங்களே வேணாம்னு நினைக்கறவனா இருந்தா டிவிக்கு நேரா போய் உட்கார்ந்திருப்பான்ல. அட, ஆமாம்ல. அந்த வசனத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், அந்தப் பகுதி என் காதுலயே விழுந்ததில்ல, ஏன்னா அங்க நான் சிரிச்சிட்டு இருந்திருக்கேன்.

2007ல ஆரம்பிச்சு 2019ல முடியற வரைக்கும் 12 சீசன், 279 எபிசோடு, இந்தக் கேரக்டருக்கு ஆட்டிசமா இல்லையான்னு ஜனங்க பேசிட்டே இருந்தாங்க, இன்னும் பேசறாங்க. ஆமாம்னு சொல்றவங்க பொதுவா எடுத்து வைக்கறது என்னன்னா, கிண்டல் புரியல, மனசுல பட்டதை அப்படியே சொல்லிடறான், அடுத்தவங்க மூஞ்சி வாடறது கவனிக்கல. அதெல்லாம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அதை மட்டும் வெச்சுப் பார்த்தா திமிர் பிடிச்ச ஆளு, கூச்ச சுபாவம் உள்ள ஆளு, ஒரே பிள்ளையா செல்லமா வளர்ந்த ஆளு எல்லாரையும் ஒரே மூட்டைல கட்டிடலாம். எனக்கு என்ன தோணுதுன்னா, ஒரு கேரக்டர் எங்கெங்க சொதப்புதுன்னு கணக்கு எடுக்கறத விட, சொதப்பாம இருக்க அது என்னென்ன பாடுபடுதுன்னு பார்க்கணும். ஆட்டிசத்தோட அடையாளம் அந்தப் பாடுலதான் தெளிவா தெரியும்.

இதுக்குக் கொஞ்சம் டாக்டருங்க பக்கம் போயிட்டு வரணும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல கொண்டு வந்த டிஎஸ்எம்-5ன்ற கையேட்டுல ஆட்டிசத்தை ரெண்டு பக்கமா பார்க்கறாங்க. ஒரு பக்கம் சமூகத் தொடர்பு: பேச்சுல, உணர்வுல கொடுக்கல் வாங்கல், கண் பார்வை, முகபாவம், சைகை மாதிரி வாயால சொல்லாத விஷயங்கள், உறவுகளை உண்டாக்கிக் காப்பாத்திக்கறது, இந்த மூணுலயும் சிரமம் இருக்கணும். இன்னொரு பக்கம் நாலு விஷயம், அதுல ரெண்டாவது இருக்கணும்: திரும்பத் திரும்பச் செய்யற அசைவோ பேச்சோ, மாத்தம் தாங்காம ஒரே ஒழுங்கைப் பிடிச்சுக்கறது, ஒரு விஷயத்துல அளவுக்கு மீறின ஆழமான ஈடுபாடு, அப்புறம் சத்தம் வெளிச்சம் தொடுதல் சூடு குளிர் இதையெல்லாம் மத்தவங்களை விட ரொம்ப அதிகமாவோ ரொம்பக் குறைவாவோ உணர்றது. இந்தக் கடைசி விஷயம், அதாவது சென்சரி விஷயம், 2013லதான் பட்டியலுக்குள்ளயே வந்துச்சு. இதெல்லாம் சின்ன வயசுலருந்தே இருக்கணும், வாழ்க்கைல நிஜமாவே சிரமம் கொடுக்கணும். சின்ன வயசுல வெளிய தெரியாம இருந்துட்டு, எதிர்பார்ப்பு கூடக் கூட பின்னாடி தெரியலாம், இல்லன்னா கத்துக்கிட்ட பழக்கங்களால மூடி மறைஞ்சும் இருக்கலாம்னு அந்தக் கையேடே சொல்லுது.

டிவில "பழகத் தெரியாதவன்"னு காட்டறதுக்கு முதல் பக்கம் மட்டும் போதும். ரெண்டாவது பக்கம் இல்லாட்டி ஆட்டிசம் இல்ல. இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. இப்போ அந்த சோஃபா சீனைத் திரும்பப் பாருங்க, சூடு, காத்து, வேர்வை, பார்வைக் கோணம், எல்லாமே உடம்பு உணர்ற விஷயம். அவன் சொல்றதுல பிடிவாதத்துக்குண்டான "நான் சொன்னா சொன்னதுதான்" இல்ல, ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு. ஒரு தடவை கணக்குப் போட்டு முடிச்சாச்சு, இனி அந்த இடத்துல உட்கார்ந்தா சூடு காத்து பத்தியெல்லாம் யோசிக்க வேண்டாம், மிச்ச மூளையை எதிர்ல இருக்கற ஆளுங்களுக்குக் கொடுக்கலாம். அந்த இடத்தைப் பிடுங்கினா மிச்சம் இருக்கற கவனமும் போச்சு. திங்கள்னா இந்த டிபன், வியாழன்னா பீட்சா, இந்த நாள் இந்த நேரத்துல துணி துவைக்கறதுன்னு அவன் வெச்சிருக்கற ஒழுங்கெல்லாம் இதே கதைதான்.

கிண்டல் புரியாத விஷயத்துக்கு வருவோம். ரெண்டாவது எபிசோடுல ஷெல்டனோட ரூம்மேட் லெனர்டு "கிண்டல்"னு எழுதின ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவான், அந்த மாதிரி உதவி இருந்தா இவனுக்குப் புரிஞ்சிடும். வார்த்தையோட அர்த்தம் ஒண்ணு, குரலோட ஏத்த இறக்கம் சொல்றது வேற ஒண்ணு, ரெண்டையும் அந்த நொடியிலயே ஒட்ட வைக்கறது ஆட்டிஸ்டிக் ஆளுங்க பலருக்குக் கூடுதல் வேலை. இவன் தானே ஒரு ஜோக் அடிச்சா என்ன பண்றான் தெரியுமா, முடிச்சவுடனே "பசிங்கா"ன்னு ஒரு சத்தம் போடறான், அதாவது இப்போ சொன்னது ஜோக்குப்பான்னு சீல் குத்திக் கொடுக்கறான். ஜனங்க அதை டீ ஷர்ட்டுல எல்லாம் போட்டுக்கிட்டாங்க. என் பார்வைல அது பஞ்ச் டயலாக் இல்ல, ரொம்ப மரியாதையான ஒரு செயல், தனக்கு மத்தவங்க எதைச் செய்யணும்னு நினைக்கறானோ அதை அவன் மத்தவங்களுக்குச் செய்யறான்.

"இவனுக்கெல்லாம் அடுத்தவன் கஷ்டம் புரியுமா"ன்ற கேள்வி எப்பவும் வரும். யாராவது மனசு ஒடைஞ்சு வந்து உட்கார்ந்தா ஷெல்டன் சூடா ஏதாவது குடிக்கக் கொடுக்கணும்னு ஒரு விதி வெச்சிருக்கான், இஷ்டம் இருக்கோ இல்லையோ செஞ்சே ஆகணும்னு அவனே சொல்லுவான். பார்க்கறவங்களுக்கு ரோபோ மாதிரி இருக்கும். யோசிச்சுப் பாருங்க, எதிராளி அழறான்னு அவனுக்குத் தெரியுது, ஏதாவது செய்யணும்னும் தெரியுது, என்ன செய்யணும்னு மட்டும் தானா வரல, அதனால ஒரு விதியைக் கண்டுபிடிச்சு வெச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போய் தண்ணி கொதிக்க வைக்கறான். அக்கறை இல்லாதவன் எந்திரிக்கவே மாட்டான். அடுத்தவங்க நினைக்கறதை ஊகிக்கறது ஒண்ணு, அவங்க கஷ்டத்தைப் பார்த்து மனசு பதைக்கறது வேற ஒண்ணு, ஆட்டிசத்துல சிரமம் முக்கியமா முதலாவதுலதான். இதுக்கு மேல, தன்னோட உணர்ச்சி என்னன்னு தனக்கே பேர் சொல்ல வராத நிலை ஒண்ணு இருக்கு, அலெக்ஸிதைமியான்னு சொல்லுவாங்க, ஆட்டிஸ்டிக் ஆளுங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது சேர்ந்தே இருக்குன்னு ஆய்வுகள் சொல்லுது. மூஞ்சில எதுவும் தெரியாததுக்கும் உள்ள எதுவும் இல்லாததுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் ரெண்டாவது சீசன்ல, 2008ல வந்த கிறிஸ்துமஸ் எபிசோடு. பென்னி தனக்கு கிஃப்ட் வாங்கியிருக்கான்னு தெரிஞ்சதும் ஷெல்டனுக்கு சந்தோஷம் வரல, தலைவலி வருது. நீ கிஃப்ட் கொடுக்கல, கடன் கொடுத்திருக்க, இப்போ நான் அதே மதிப்புல திருப்பிக் கொடுக்கணும்ன்றது அவன் கணக்கு. அதனால குளியல் சோப்பு லோஷன் வெச்ச கூடைங்களை சின்னது பெருசுன்னு பல சைஸ்ல வாங்கி ரூம்ல அடுக்கிடறான். பென்னி கொடுக்கறதைப் பிரிச்சுப் பார்க்கறது, வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு உள்ள போறது, நெட்ல விலை பார்க்கறது, அதுக்கு சமமான கூடையை எடுத்துட்டு வந்து கொடுக்கறது, மிச்சத்தைக் கடைல திருப்பிடறது, இதான் திட்டம். சிரிப்பு வரும், நல்லா எழுதின சீன். ஆனா இதுல எவ்ளோ உழைப்பு இருக்கு பாருங்க, மத்தவங்க ரெண்டு நிமிஷத்துல ஒரு குத்துமதிப்புல முடிக்கற விஷயத்துக்கு இவன் ஒரு கிடங்கே வைக்க வேண்டியிருக்கு. கடைசில பென்னி கொடுக்கறது ஸ்டார் ட்ரெக்ல ஸ்பாக்கா நடிச்ச லெனர்டு நிமாய் வாய் தொடைச்சுக் கையெழுத்துப் போட்ட ஒரு நாப்கின். ஸ்பாக்கோட டிஎன்ஏ என் கைலயான்னு ஆடிப் போயிடறான், உள்ள ஓடிப் போய் வாங்கி வெச்ச எல்லாக் கூடையையும் தூக்கிட்டு வர்றான், அப்பவும் பத்தலன்னு தோணுது, கடைசில விறைப்பா நின்னு அவளைக் கட்டிப் பிடிக்கறான். தொட்டாலே நெளியற ஆளு. ஆழமான ஈடுபாடு, தொடுதல் சிரமம், விதி வெச்சு உறவு நடத்தறது, அந்த விதி ஒடையற இடம், எல்லாம் ஒரே சீன்ல இருக்கு.

அடுத்தது மாஸ்கிங். ஆட்டிஸ்டிக் ஆளுங்க தங்களோட இயல்பை மறைச்சு, மத்தவங்க மாதிரி நடிச்சு ஒப்பேத்தறதுக்குப் பேர் அது. ஆய்வு உலகத்துல இது கொஞ்ச காலமாத்தான் சூடு பிடிச்சிருக்கு, எவ்ளோ மறைக்கறாங்கன்னு அளக்கற கேள்வித்தாள் ஒண்ணே 2019லதான் வந்துச்சு. ஆனா 2013லயே, ஆறாவது சீசன்ல, இந்த சீரியல் அதைத் தெரிஞ்சோ தெரியாமலோ அச்சு அசலா காட்டிடுச்சு. எதையும் முடிக்காம விட்டா ஷெல்டனுக்குத் தாங்காது, அதைச் சரி பண்றேன்னு அவனோட கேர்ள்ஃப்ரெண்டு ஆமி கிளம்பறா, அவ நரம்பியல் ஆராய்ச்சியாளர் கேரக்டர் (நடிச்ச மயிம் பியாலிக்கும் நிஜத்துலயே நரம்பியல்ல முனைவர் பட்டம் வாங்கினவங்க, அது தனிக் கதை). எக்ஸ்-ஓ ஆட்டத்துல கடைசி ஓவைப் போட விடறதில்ல, டாமினோவை வரிசையா நிக்க வெச்சுட்டு தட்டி விடாமலே எடுத்துப் பெட்டில போடச் சொல்றா, கேக்ல மெழுகுவர்த்தி ஏத்தி ஊத விடாம எடுத்துடறா, தேசிய கீதத்தோட கடைசி வார்த்தையை மட்டும் விழுங்கிடறா. பயிற்சி முடிஞ்சதும் ஷெல்டன் ரொம்ப நல்லா இருக்கு, மாத்தம் தெரியுது, தேங்க்ஸ்னு சொல்லி அவளை அனுப்பி வைக்கறான். கதவு சாத்தினதும் எல்லாத்தையும் திரும்ப எடுத்து வெச்சு, பாட்டை முடிச்சு, டாமினோவை அடுக்கித் தள்ளி, ஒவ்வொண்ணா முடிச்சப்புறம்தான் மூச்சு விடறான்.

என் ஃப்ரெண்டு சத்தமா சிரிச்சது இங்கதான். ஆபீஸ் மீட்டிங் முடிஞ்சு கார்ல ஏறிக் கதவைச் சாத்தினதும் நான் பண்றது இதேதான்னாரு, நாள் பூரா அடக்கி வெச்ச விரல் அசைவு எல்லாத்தையும் அங்க உட்கார்ந்து ஆடித் தீர்த்துட்டுதான் வண்டியே எடுப்பாராம். அந்த அசைவுக்கு ஸ்டிம்மிங்னு பேரு. எதிர்ல இருக்கறவங்க "பரவால்லயே, நல்லா ஆயிட்டாரே"ன்னு நினைச்சிட்டு இருப்பாங்க, நாள் முழுக்க அந்த நடிப்பு நடந்தா ஆள் சக்கையா போயிடுவாரு. ஆமி பண்ணதை நான் வில்லத்தனம்னு சொல்லல, அன்புலதான் பண்றா. ஆனா வெளிய தெரியற நடத்தையை மட்டும் மாத்திட்டா உள்ள சரியாயிடும்ன்ற நினைப்பு இருக்குல்ல, அதை வெச்சு நடந்த பயிற்சிகளைப் பத்தி வளர்ந்த ஆட்டிஸ்டிக் ஆளுங்க எவ்வளவோ வருஷமா கோபமா சொல்லிட்டு இருக்கறதை அந்த சாத்தின கதவு ஒரே நிமிஷத்துல சொல்லிடுது.

இப்போ எதிர்க் கட்சியும் பார்த்துடணும். இது ஓசிடியா, அதாவது வேண்டாத எண்ணமும் சடங்கும் விடாம துரத்தற மனநலப் பிரச்சினையா, இருக்கக் கூடாதா? கதவை மூணு தடவை தட்டி மூணு தடவை பேர் சொல்றது, கிருமி பயம், எல்லாம் அந்தப் பக்கமும் போகும். ஒரு மாதிரிப் பிரிக்கற வழி என்னன்னா, ஓசிடில அந்தச் சடங்கு பொதுவா பயத்துலருந்து வரும், செய்யாட்டி ஏதோ கெட்டது நடக்கும்னு மனசு அரிக்கும், செய்யறவருக்கே அது வேண்டாத சனியனா இருக்கும். ஆட்டிசத்துல ஒரே மாதிரி செய்யறது பெரும்பாலும் நிம்மதி தரும், பல நேரம் சந்தோஷமே தரும். ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் வாய்ப்பு உண்டு. சோசியல் ஆங்சைட்டி, அதாவது நாலு பேரோட பழகறதுல வர்ற பயம், வேற மாதிரி, அங்க விதியெல்லாம் தெரியும், தப்பாயிடுமோன்ற பயம்தான் நாக்கை இழுத்துப் பிடிக்கும். ஆட்டிசத்துல விதியே ஏன் இப்படின்னு விளங்காது. ஆனா இருபது வருஷம் தப்புத் தப்பா போய் அடி வாங்கினா ஆங்சைட்டியும் தானா வந்து ஒட்டிக்கும், அதனால வளர்ந்தவங்க கிட்ட பிரிச்சுப் பார்க்கறது அவ்ளோ சுலபமில்ல. அந்தக் கதவு தட்டறதுக்கு எழுத்தாளருங்க பத்தாவது சீசன்ல ஒரு காரணம் சொன்னாங்க: 13 வயசுல வீட்டுக்கு வந்து ரூம் கதவைத் தொறந்தப்போ அப்பா வேற ஒரு பெண்ணோட இருந்ததைப் பார்த்துட்டானாம், முதல் தட்டு வழக்கப்படி, மத்த ரெண்டும் உள்ள இருக்கறவங்க பேன்ட் போட்டுக்க டைம் கொடுக்க. சீனா பார்த்தா மனசைப் பிசையும். ஆனா எனக்கு ஒரு சின்ன வருத்தம், பத்து வருஷமா ஒருத்தனோட இயல்பா இருந்ததுக்கு அப்புறமா ஒரு காயத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு ஒட்ட வைக்கறாங்க. எல்லாப் பழக்கத்துக்கும் பின்னாடி ஒரு சோகக் கதை இருந்தே ஆகணுமா என்ன.

சரி, ஏன் பேர் வைக்கல? தொடரை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான பில் ப்ராடி, தான் முன்னாடி பழகின கம்ப்யூட்டர் ப்ரோக்ராமருங்களை மனசுல வெச்சுதான் எழுதினேன், ஆட்டிசம்னு நினைச்சு எழுதலன்னு சொல்லியிருக்காரு. நடிச்ச ஜிம் பார்சன்ஸ் எழுத்தாளருங்க கிட்டயே கேட்டாராம், இல்லன்னுட்டாங்களாம், ஆனா அப்புறம் ஆஸ்பெர்கர் (ஆட்டிசத்தோட ஒரு வகைக்கு அப்போ இருந்த பேர்) உள்ள ஒருத்தர் எழுதின சுயசரிதையைப் படிச்சப்போ இதுல பாதிக்கு மேல ஷெல்டன்தானேன்னு அவருக்குத் தோணியிருக்கு. போன்ஸ் தொடரை உருவாக்கின ஹார்ட் ஹேன்சன் இன்னும் வெளிப்படையா பேசினாரு, கேபிள் சேனலா இருந்திருந்தா டாக்டர் பிரென்னனுக்கு ஆஸ்பெர்கர்னு முதல்லயே சொல்லியிருப்போம், பெரிய நெட்வொர்க்குன்றதால ஹீரோயினுக்கு லேபிள் ஒட்ட வேண்டாம்னு விட்டுட்டோம்னு. ஸ்வீடன், டென்மார்க் ரெண்டும் சேர்ந்து எடுத்த தி பிரிட்ஜ்ல சாகா நோரேன்னு ஒரு போலீஸ்காரி, ஆபீஸ் நடுவுலயே சட்டை மாத்துவா, விதின்னா விதிதான், அவளுக்கும் நாலு சீசன் முழுக்க யாரும் பேர் சொல்லல.

லேபிள் இல்லாததுல ஒரு வசதி இருக்கு, வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. பேர் வெச்சுட்டா அந்தக் கேரக்டரைப் பார்த்து சிரிக்கறது அசிங்கமாயிடும். பேர் வைக்காட்டி அதே குணங்களைப் பார்த்து 279 எபிசோடு சிரிக்கலாம், யாருக்கும் குத்தாது. "எனக்குப் பைத்தியம் இல்ல, எங்கம்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டாங்க"ன்னு ஷெல்டன் அடிக்கடி சொல்றது அந்த லைசென்ஸைப் புதுப்பிக்கற மாதிரியே எனக்குக் கேக்கும். அதுக்காக பேர் வெச்சாலே நல்ல கேரக்டர் ஆயிடும்னும் இல்ல. பேர் வெச்சா சில எழுத்தாளருங்க கையேட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு வரிசையா டிக் அடிக்க ஆரம்பிச்சிடறாங்க, கூடவே இலவச இணைப்பா ஒரு அபார மூளை. 2017ல வந்த தி குட் டாக்டரும் சரி, அதுக்கு மூலமான 2013 கொரியத் தொடரும் சரி, அந்த அபார மூளையை வெச்சுதான் கதையே ஓட்டுது. நிஜத்துல ஆட்டிசம் உள்ள பெரும்பாலானவங்களுக்கு அப்படியொரு திறமை கிடையாது, கணிசமானவங்களுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்தே இருக்கு, வாய் பேசாதவங்க இருக்காங்க, அவங்க யாரும் ஸ்க்ரீனுக்கு வர்றதே அபூர்வம்.

பழைய சீரியல்ல எல்லாம் ஆஸ்பெர்கர்ன்ற பேர் வருதே, இப்போ காணோமேன்னு கேட்டா, சுருக்கமா சொல்லிடறேன். 1925ல க்ருன்யா சுகாரேவான்ற சோவியத் டாக்டர் ஆறு பையன்களைப் பத்தி எழுதினதுதான் நாம இன்னைக்கு ஆட்டிசம்னு சொல்றதோட நல்ல முதல் சித்திரங்கள்ல ஒண்ணு, அதை யாரும் கண்டுக்கல. 1943ல அமெரிக்காவுல லியோ கானர், 1944ல வியன்னாவுல ஹான்ஸ் ஆஸ்பெர்கர். 1981ல லோர்னா விங் எழுதின கட்டுரையாலதான் ஆஸ்பெர்கர்ன்ற பேர் பரவுச்சு, 1994ல கையேட்டுக்குள்ள வந்துச்சு, 2013ல எல்லாத்தையும் ஒரே ஸ்பெக்ட்ரம்னு சேர்த்தப்போ போயிடுச்சு. 2018ல ஆஸ்பெர்கர் நாஜி ஆட்சியில குழந்தைகளைக் கொல்ற நிலையத்துக்கு சில குழந்தைகளை அனுப்பி வெச்ச ஆதாரம் விரிவா வெளிய வந்ததும், மிச்சம் இருந்தவங்கள்லயும் நிறைய பேர் அந்தப் பேரை விட்டுட்டாங்க.

எனக்கு ரொம்ப சுவாரசியமா பட்ட ஆய்வு ஒண்ணு 2017ல வந்தது. நோவா சாசனும் கூட்டாளிங்களும் ஆட்டிஸ்டிக் ஆளுங்களும் மத்தவங்களும் பேசின சின்னச் சின்னப் பதிவுகளை எடுத்து, முன்ன பின்ன தெரியாதவங்க கிட்டக் காட்டி, இவரோட பழகுவீங்களா, பக்கத்துல உட்காருவீங்களான்னு கேட்டாங்க. சில நொடி வீடியோவையோ குரலையோ பார்த்துக் கேட்டவங்க ஆட்டிஸ்டிக் ஆளுங்களைத் தள்ளி வெச்சாங்க, யாருக்கு ஆட்டிசம்னு சொல்லவே இல்ல, ஆனாலும் தள்ளி வெச்சாங்க. அதே பேச்சை வெறும் எழுத்தாக் கொடுத்தப்போ அந்த வித்தியாசம் காணாமப் போயிடுச்சு. அதாவது அவங்க என்ன சொன்னாங்கன்றதுல கோளாறே இல்ல, சொன்ன விதம்தான் பார்க்கறவங்களுக்கு ஒட்டல. ஷெல்டனோட சோஃபா வசனத்தைப் பேப்பர்ல படிச்சுப் பாருங்க, நல்ல இன்ஜினியர் எழுதின குறிப்பு மாதிரி இருக்கும்.

டேமியன் மில்டன்னு ஒரு ஆய்வாளர், அவரும் ஆட்டிஸ்டிக், 2012ல இதை "ரெட்டைப் பக்க எம்பதி சிக்கல்"னு சொன்னாரு, புரியாமை ரெண்டு பக்கமும் இருக்கு, ஒரு பக்கத்தை மட்டும் நோய்னு சொல்றோம்ன்றது அவர் வாதம். 2020ல ஒரு கதையை ஒருத்தர் காதுலருந்து இன்னொருத்தருக்குன்னு வரிசையா கடத்தச் சொல்லிப் பார்த்தாங்க, ஆட்டிஸ்டிக் ஆளுங்க மட்டும் இருந்த வரிசை மத்த வரிசைக்கு சளைக்காம கதையைக் கடத்துச்சு, ரெண்டும் கலந்த வரிசைலதான் நிறைய தொலைஞ்சது. அப்புறம் இன்னும் பெருசா செஞ்சு பார்த்தப்போ கலந்த வரிசையும் அவ்ளோ மோசமில்லன்னு வந்துச்சு, ஆனா ஆட்டிஸ்டிக் வரிசை குறைஞ்சதுன்னு ரெண்டு ஆய்வுமே சொல்லல. ஷெல்டனும் ஆமியும் தனியா உட்கார்ந்து அவங்களுக்குன்னு ஒரு விசித்திரமான விளையாட்டைக் கண்டுபிடிச்சு விளையாடற சீனை எல்லாம் பாருங்க, அங்க ரெண்டு பேரும் பழகத் தெரியாதவங்களாவே தெரிய மாட்டாங்க. மூணாவது ஆள் உள்ள வந்தாதான் காமெடி ஆரம்பிக்கும்.

வாழ்க்கைல சிரமம் கொடுக்கணும்னு ஒரு நிபந்தனை சொன்னேனே, இவனுக்கு என்ன சிரமம், நல்ல வேலை, நல்ல ஃப்ரெண்ட்ஸ்னு கேட்கலாம். வண்டி ஓட்ட மாட்டான், யாராவது ஒருத்தர் கூட்டிட்டுப் போயே ஆகணும். சுத்தி இருக்கற அஞ்சாறு பேர் தினமும் அவனுக்காக வளைஞ்சு கொடுக்கறாங்க, அந்த ஏற்பாடு ஒடைஞ்சா என்ன ஆகும்னு ஏழாவது சீசன் முடிவுல காட்டினாங்க. வருஷக்கணக்கா செஞ்ச ஆராய்ச்சித் துறையை மாத்த முடியாம தவிக்கறான், கூட இருக்கற லெனர்டு கல்யாணம் பண்ணிட்டுத் தனியா போகலாம்னு பேசறான், ஆமி நாம சேர்ந்து இருக்கலாமேன்றா, வாரா வாரம் போற காமிக்ஸ் கடை தீப்பிடிச்சு எரிஞ்சு போகுது. கடைசி விஷயம் எல்லாருக்கும் சின்னதா தெரியும், ஆனா அது மேல வந்து விழுந்த கடைசிக் கல்லு. அவன் ரயிலேறி எங்கயோ போயிடறான். கத்தல, அழல, கிளம்பிட்டான். ஒண்ணு மேல ஒண்ணா மாத்தம் வந்து குவிஞ்சா சிலர் வெடிப்பாங்க, சிலர் அப்படியே பேச்சு மூச்சில்லாம அடங்கிடுவாங்க, சிலர் அந்த இடத்தை விட்டே ஓடிடுவாங்க. அடம் பிடிக்கறவன் யாராவது பார்க்கறாங்களான்னு பார்த்துட்டுதான் அடம் பிடிப்பான், இது அது இல்ல.

சீரியல் பார்த்துத் தன்னையே அடையாளம் கண்டுக்கறவங்களும் இருக்காங்க, எழுதறவங்களே உட்பட. கம்யூனிட்டி தொடரை உருவாக்கின டான் ஹார்மன், ஏபெட்ன்ற கேரக்டருக்காக ஆஸ்பெர்கர் பத்தி நெட்ல தேடிப் படிச்சப்போ இதெல்லாம் எனக்கே இருக்கேன்னு உறைச்சு டாக்டர் வரைக்கும் போனாரு. பேரன்ட்ஹுட் தொடர்ல இது கதைக்குள்ளயே வந்தது, ஹாங்க்னு ஒரு சிடுசிடு போட்டோகிராஃபர், தன் கிட்ட வர்ற மேக்ஸ்ன்ற ஆட்டிஸ்டிக் பையனைப் புரிஞ்சுக்கலாம்னு புத்தகம் படிக்க உட்கார்றாரு, படிக்கப் படிக்க அது அந்தப் பையனைப் பத்தினதா தெரியல, தன்னைப் பத்தினதா தெரியுது. பெண்கள் விஷயத்துல இது இன்னும் லேட்டா நடக்கும், மறைச்சு ஒப்பேத்தறது அவங்க கிட்ட அதிகம்னு பல ஆய்வு சொல்லுது. ஸ்க்ரீன்ல ஷெல்டன் மாதிரி ஆம்பளைங்களையே பார்த்துப் பழகினதால அவங்களுக்கு அந்தக் கண்ணாடில தன் முகம் தெரியறதே இல்ல. நெட்ல கிடைக்கற 50 கேள்வி டெஸ்ட்டு எல்லாம் "போய்ப் பார்க்கலாமா"ன்னு முடிவு பண்ண உதவும், அவ்ளோதான். நிஜமா பரிசோதிக்கறவங்க முக்கியமா கேட்கறது சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு, முடிஞ்சா அம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க.

வேடிக்கை என்னன்னா, ஷெல்டன் விஷயத்துல அந்தச் சின்ன வயசு வரலாறையும் அவங்களே எடுத்துக் கொடுத்துட்டாங்க. 2017லருந்து 2024 வரைக்கும் ஏழு சீசன் யங் ஷெல்டன். அதுலயும் பேர் சொல்லல. ஆனா ஒரு பெரிய வித்தியாசம், அதை ஸ்டூடியோ ஆடியன்ஸ் வெச்சு எடுக்கல, சிரிப்புச் சத்தம் கிடையாது. அதே குணம், அதே பிடிவாதம், அதே கிருமி பயம், சிரிப்பை மட்டும் எடுத்துட்டாங்க. முதல் எபிசோடுல குடும்பம் சாப்பிட உட்காருது, ஜெபம் பண்ண எல்லாரும் பக்கத்துல இருக்கறவங்க கையைப் பிடிக்கணும். ஒம்பது வயசுப் பையன் கையுறையை எடுத்து ரெண்டு கைலயும் மாட்டிக்கிட்டு, ரெண்டு பக்கமும் கையை நீட்டறான். அவனும் அந்தக் கைகளைப் பிடிச்சுக்கறான்.